கான் தண்ணீர் எங்கே போகிறது? கேள்வி பதில்

கழிவுநீர் சுத்திகரிப்பு வேலையில் பல வருடம் இருந்தவன் நான். ஆறு, கான், மலசலக்குழி பற்றிக் கேளுங்கள்.

தலவாக்கலை: ஐயா, எங்கள் சாப்பாட்டுக் கடைத் தண்ணீர் கான் வழியாக ஓயாவில் விழுகிறது. மலசலகூடத் தண்ணீர் இல்லையே, என்ன கெடுதி?

நிறையக் கெடுதி. கஞ்சி, எண்ணெய், பால் கழுவிய தண்ணீர் எல்லாம் பற்றீரியாவுக்குத் தீனி. தின்னும்போது அவை ஆற்றில் கரைந்திருக்கும் ஒட்சிசனை இழுத்துக்கொள்ளும். நுவரெலியா உயரத்தில், அதாவது 1,868 மீற்றரில், காற்றழுத்தம் குறைவு. குளிர்ந்த சுத்தமான தண்ணீர்கூட லீற்றருக்கு ஏறக்குறைய 8 மில்லிகிராம் ஒட்சிசன்தான் பிடிக்கும். சாதாரண வீட்டுக் கழிவுநீர் ஒரு லீற்றர், அதைத் தின்னும் பற்றீரியாவுக்காக 200 மில்லிகிராமுக்கு மேல் ஒட்சிசன் கேட்கும். கணக்குப் பாருங்கள்: ஒரு வாளிக் கழிவு, 25 வாளி ஆற்றுத் தண்ணீரின் மூச்சை வாங்கிவிடும். ஆற்றில் விடும் கழிவுநீர் கேட்கும் ஒட்சிசன் லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இலங்கை விதி. மழையில் ஓயா பெருகும்போது கெடுதி தெரியாது, தண்ணீர் வற்றும்போதுதான் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். கடைக்குப் பின்னால் எண்ணெய் மிதந்து நிற்க ஒரு சின்னத் தொட்டி கட்டி, வாராவாரம் அள்ளுங்கள்.

ஹப்புத்தளை: மலசலக்குழியில் ஈஸ்ட் போட்டால் அள்ளத் தேவையில்லையாமே?

தவறு. வேண்டிய பற்றீரியா குழியில் ஏற்கனவே இருக்கிறது. அடியில் தங்கும் மண்டியை அள்ளத்தான் வேண்டும். அள்ளும்போது யாரும் உள்ளே இறங்கக் கூடாது, அங்கே தங்கும் வாயு இரண்டு மூச்சில் ஆளை விழுத்திவிடும்.

நுவரெலியா: எங்கள் ஹோட்டல் சுத்திகரிப்புத் தொட்டியில் கரண்ட் பில்லுக்காக ராத்திரியில் காற்று ஊதும் மெஷினை நிறுத்துகிறோம். ஜனவரியில் நாற்றம் தாங்கவில்லை.

நிறுத்தாதீர்கள். தொட்டியில் வேலை செய்வது உயிர்கள். குளிரில் அவை மெதுவாகத்தான் வேலை செய்யும், அமோனியாவை மாற்றும் வகை இன்னும் மெதுவு. மூச்சையும் அடைத்தால் செத்துப்போகும், திரும்ப வளர வாரக்கணக்காகும்.

கொழும்பு: களனி ஆறு கெடுவது லயன் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) மலசலகூடங்களால்தானே?

பண்டாரவளை: அவர் சொல்வது சரிதான். பல லயன்களில் ஒழுங்கான குழியே இல்லை.

குழி இல்லாதது உண்மை. ஆனால் அது யார் குற்றம்? லயன் நிற்கும் நிலம் அந்த மக்களுடையது இல்லை. நோர்வூட் பக்கத்துத் தண்ணீர் கெஹெல்கமு ஓயாவாகிக் காசல்றீ நீர்த்தேக்கத்தில் தங்கி, மஸ்கெலியா ஓயாவோடு சேர்ந்து களனியாகி, அம்பத்தளையில் கொழும்புக்குக் குடிதண்ணீராகிறது. அங்கே அதைச் சுத்தம் செய்து குளோரின் போடுகிறார்கள். கீழ் லயன் பீலியில் அதே தண்ணீரை அப்படியே பிடித்துக் குழந்தைக்குக் கொடுக்கிறார்கள். முதலில் நோய்படுவது அவர்கள். வழியில் எத்தனை டவுன், எத்தனை தொழிற்சாலை சேர்கிறது என்பதையும் பாருங்கள்.

பண்டாரவளை: அப்போ மரக்கறித் தோட்டத்து உரம்?

அதற்கும் பங்கு உண்டு. 1991இல் கொத்மலை நீர்த்தேக்கத்தில் நீலப்பச்சைப் பாசி படர்ந்தது. உரத்திலும் மலத்திலும் உள்ள பொசுபரசு இரண்டுமே பாசிக்கு ஒன்றுதான். உரத்தைக் காட்டி மலசலகூடத்தை மறைக்க வேண்டாம், மலசலகூடத்தைக் காட்டி உரத்தையும் மறைக்க வேண்டாம்.

பதுளை: ஈஸ்ட் எவ்வளவு போட வேண்டும்?

ஹப்புத்தளைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். குழிக்குள் இறங்காதீர்கள்.

ஹட்டன்: பவுசர் வண்டி குழியிலிருந்து அள்ளிய மண்டி எங்கே போகும் தெரியவில்லை, அண்ணா.

காசு கொடுக்கும் முன் கேளுங்கள், தம்பி. பல வருட மண்டி அது, கான் தண்ணீரைவிடப் பல மடங்கு தடிப்பு. இடம் சொல்லாத பவுசர் வேண்டாம், சபையில் விசாரியுங்கள்.