இரண்டு பேர் நடிக்க ஐந்து பெயர் எதற்கு?

கேள்வி: இரண்டே பேர் நடிக்கும் மர்ம நாடகம் என்கிறார்கள். ஒருவர் செத்தால் கொன்றவர் மற்றவர்தானே! நடிகர் சம்பளத்தை மிச்சம் பிடிக்கும் வேலைதானே இது?
(ஈரோடு வாசகர்)

பதில்: கணக்கு சரி, கேள்விதான் தப்பு. 'யார் கொன்றது' என்பதெல்லாம் கும்பலாக ஆட்கள் நடமாடும் நாடகத்துக்கு. இருவர் மட்டும் என்றால், 'இவன் இப்போது சொல்வது நிஜமா' என்பதுதான் கடைசிவரை குடையும்.

ஆன்டனி ஷாஃபர் எழுதி 1970-இல் லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் அரங்குக்கு வந்த 'ஸ்லூத்' நாடகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். (முடிவைச் சொல்லப்போகிறேன். ஐம்பது வருஷம் தாண்டியும் காத்திருப்பவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.)

ஆண்ட்ரூ பணக்காரத் துப்பறியும் நாவலாசிரியர். மனைவியின் காதலன் மைலோவை வீட்டுக்கு வரவழைத்து, நகைகளைத் திருடிக்கொள், இன்ஷூரன்ஸ் பணம் எனக்கு என்று பேரம் பேசுகிறார். அவன் கோமாளி வேஷத்தில் திருடி முடித்ததும் துப்பாக்கியை நீட்டுகிறார். வீடு புகுந்த திருடனைச் சுட்டால் யார் கேட்பார்கள்? சுட்டும்விடுகிறார்.

இரண்டு நாள் கழித்து டாப்ளர் என்ற இன்ஸ்பெக்டர் விசாரிக்க வருகிறார். உங்கள் சிக்கனக் கணக்கு உதைப்பது இங்கேதான். பார்வையாளர் கையில் கொடுத்த நிகழ்ச்சித் தாளில் டாப்ளருக்கும் வேறு இரண்டு போலீஸ்காரர்களுக்கும் நடிகர் பெயர் போட்டிருந்தார்கள். அப்படி நடிகர்களே கிடையாது! வேஷத்தைக் கலைத்தால் டாப்ளர்தான் மைலோ. அன்று வெடித்தது வெற்றுத் தோட்டா. மேடையில் பேசுகிற ஒவ்வொரு சொல்லையும் சந்தேகப்படும் கில்லாடி ரசிகர்கூட, அச்சடித்த தாளைச் சந்தேகப்பட மாட்டார். அந்தத் தாளையும் நாடகத்தில் நடிக்கவிட்டார்கள். 1972-இல் லாரன்ஸ் ஒலிவியரும் மைக்கேல் கெய்னும் நடித்துப் படமானபோது டைட்டிலிலும் இதே பித்தலாட்டம்தான்.

அப்புறம் மைலோவின் முறை. உன் காதலியைக் கொன்றுவிட்டேன், உன்னை மாட்டிவிடும் தடயங்கள் இந்த வீட்டிலேயே இருக்கின்றன, போலீஸ் வருகிறது என்று ஆண்ட்ரூவை வீடு முழுக்க அலையவிடுகிறான். அதுவும் பொய். கடைசியில், நீ என்னைச் சுட்ட கதையைப் போலீஸில் சொல்லிவிட்டேன், வந்துகொண்டிருக்கிறார்கள் என்கிறான். அது மட்டும் உண்மை. ஆண்ட்ரூ நம்பவில்லை. இம்முறை சுடுவது நிஜத் தோட்டா.

நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் 1,222 காட்சிகள், 1971-இல் சிறந்த நாடகத்துக்கான டோனி விருது என்று இது ஓடிய ஓட்டம் சாதாரணமில்லை. 'யார் கொன்றது' என்று கண்டுபிடித்தால்தான் தூக்கம் வரும் என்றால், அப்போது லண்டனில் செயின்ட் மார்ட்டின்ஸுக்குப் பக்கத்து அரங்கிலேயே அகதா கிறிஸ்டியின் 'மவுஸ்ட்ராப்' நடந்துகொண்டிருந்தது. 1974-இல் அது செயின்ட் மார்ட்டின்ஸுக்கே குடிவந்துவிட்டது. எட்டுப் பாத்திரங்கள், தாராளமாகச் சந்தேகப்படலாம்.