கைக்குழந்தைக்கு நீலகிரித் தைலம் தடவலாமா?

கேள்வி: என் மகளுக்கு 8 மாதம். மூக்கடைப்பால் இரவில் தூங்குவதில்லை. ஊட்டியில் வாங்கிய நீலகிரித் தைலத்தை நெஞ்சில் தடவச் சொல்கிறார் மாமியார். டிஃப்யூசரில் (வாசனை எண்ணெயை ஆவியாக அறையில் பரப்பும் கருவி) விடு, அது அரோமாதெரபி, வாசனை எண்ணெய் வைத்தியம் என்கிறாள் தோழி. எது சரி?
- வாசகி, திருப்பூர்

பதில்: இரண்டும் வேண்டாம் அம்மா. 2 வயது வரை இந்த வாடையே ஆகாது. கைக்குழந்தைக்கு நெடி ஏறினால் தொண்டை இறுகி மூச்சே தடைப்படலாம். தேங்காய் எண்ணெயில் சூடம் போட்டுக் காய்ச்சித் தடவுவதும் கூடாது. கற்பூர எண்ணெய் விற்பனையை அமெரிக்கா 1982-லேயே தடை செய்துவிட்டது. இங்கே பலசரக்குக் கடையில் சூடம் வாங்க யாரைக் கேட்க வேண்டும்?

2 வயது தாண்டிய பிள்ளைக்கு, அந்த வயதுக்கென்று அட்டையில் போட்டிருக்கும் நெஞ்சுத் தைலத்தைக் கொஞ்சம் தடவலாம். அதுவும் நெஞ்சில், தொண்டையில் மட்டும். மூக்கில் கூடாது, உதட்டருகே கூடாது, புண்ணில் கூடாது, தடவிய கையைப் பிள்ளை சப்பவும் கூடாது. தூக்கம் சற்று நன்றாக வரும், அவ்வளவுதான். அடைப்பு அப்படியே இருக்கும். தைலத்தில் இருக்கும் மென்தாலின் (புதினா உப்பு) குளிர்ச்சியில் மூக்கு திறந்ததுபோலத் தோன்றும்.

தோழி எண்ணெய் விற்பவராக இருந்தால் கவனம். 'தெரப்யூட்டிக் கிரேடு' (மருத்துவத் தரம்) என்று எந்த அரசும் முத்திரை தருவதில்லை, விற்பவர்களே ஒட்டிக்கொண்டது. கூடவே கேட்ஃபோசே கதையும் வரும். 1910-இல் ஆய்வகத்தில் கை வெந்து, புண்ணை லாவண்டர் எண்ணெயால் கழுவிய பிரெஞ்சு வேதியியலாளர்; 1937-இல் அரோமாதெரபி என்றே புத்தகம் போட்டார். பெரியவர் கைப்புண்ணுக்கும் உங்கள் மகள் மூக்குக்கும் என்ன சம்பந்தம்?

ஊட்டி பாட்டிலில் தயாரித்தவர் முகவரி, பேட்ச் எண் இருக்கிறதா பாருங்கள். காகிதத்தில் ஒரு சொட்டு விட்டு மறுநாளும் எண்ணெய்க் கறை தெரிந்தால் கலப்படம். கறை இல்லாவிட்டாலும் சுத்தம் என்று நம்பாதீர்கள், கலப்படத்துக்குச் சேர்க்கும் டர்பன்டைனும் (பெயின்ட் கரைக்கும் எண்ணெய்) ஆவியாகிவிடும்.

மூக்கடைப்புக்கு மருந்துக் கடையில் உப்புநீர்ச் சொட்டு கிடைக்கும். பால் கொடுக்கும் முன் மூக்குக்கு இரண்டு சொட்டு. மூச்சு வேகமாக வாங்கினாலோ, விலா உள்ளிழுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பாட்டிலை உயரத்தில் வையுங்கள். தவழும் பிள்ளை திருகித் திறக்கிற மூடியோடுதான் இன்னும் விற்கிறார்கள். ஒரு டீஸ்பூன் உள்ளே போனாலே வலிப்பு வரலாம். அப்படி ஆனால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். 108-ஐக் கூப்பிடுங்கள், பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள்.