கல்லுக்கு அலை வைக்கும் முன் அடகு ரசீதை எடுத்துப் பாருங்கள்

கேள்வி: ஐயா, நாங்கள் தங்கச்சிமடம். கணவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறார், நான் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். மூன்று மாதமாக அவருக்கு வலது பக்க விலா அடியில் வலி வந்து வந்து போகிறது. ஸ்கேனில் பித்தப்பையில் கல் என்று வந்தது. தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு 80,000 கேட்டார்கள். அவருக்குக் கத்தி என்றாலே பயம். என் சகோதரியின் கணவருக்கு மதுரையில் அலை வைத்து, அதாவது உடம்புக்கு வெளியிலிருந்து அதிர்வலை செலுத்தி, கல்லை உடைத்தார்கள், மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார். அதேபோல் பித்தப்பைக் கல்லையும் உடைக்கலாம் என்று வெளியூர் கிளினிக் ஒன்றில் 1,20,000க்கு பேக்கேஜ் சொல்கிறார்கள். பிறகு ஒரு வருடம் மாதம் 2,000க்கு மாத்திரை. கையில் 65,000 இருக்கிறது, மீதி 55,000ஐ வட்டியில்லா இ.எம்.ஐ. போட்டுத் தருகிறார்களாம். கட்டலாமா? 2 பவுன் வளையலும் 4 பவுன் செயினும் மூன்று வருடம் முன்பு கொழுந்தனார் ஃபைபர் படகுக்கு எஞ்சின் வாங்கக் கொடுத்தது, இன்னும் அடகில் இருக்கிறது. வட்டி ஒழுங்காகக் கட்டி வருகிறேன், நகை பத்திரமாக இருக்கிறது. இப்போது புது வலைக்குக் காதுத் தோட்டையும் கேட்கிறார். ஒரு ஏஜென்ட், இப்போதே மருத்துவப் பாலிசி எடுத்தால் ஆபரேஷனுக்கே பணம் வரும் என்கிறார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ரேஷன் கார்டோடு ஒரே கவரில் கிடக்கிறது. ஸ்கேன் நகலும் அடகு ரசீதுகளும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். என்ன செய்ய?
பெயர் வேண்டாம், தங்கச்சிமடம்.

பதில்: கேட்டதற்கு முதலில் பதில். கட்ட வேண்டாம். பேக்கேஜும் வேண்டாம், இ.எம்.ஐ.யும் வேண்டாம், பாலிசியும் இப்போது வேண்டாம். ஆனால் நீங்கள் கடைசியில் இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போன அடகு விஷயம்தான் எனக்கு நெஞ்சில் குத்துகிறது. அதற்கு வருகிறேன்.

நான் டாக்டர் இல்லை. எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று கேட்பது மட்டும் என் வேலை. உங்கள் சகோதரியின் கணவருக்கு உடைத்தது, மறுநாளே வீட்டுக்கு வந்ததை வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் சிறுநீரகக் கல்லாகத்தான் இருக்கும். ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கல்லுக்கு அலை வைப்பது 1980இல் ஜெர்மனியின் மியூனிக்கில் தொடங்கியது, இன்றும் சாதாரணமாக நடக்கிறது. உடைந்த தூள் சிறுநீரோடு போய்விடும். பித்தப்பையில் அப்படி வழி இல்லை. தூள் ஒரு சின்னக் குழாய் வழியாகப் பித்த நாளத்துக்கு இறங்கி, அங்கிருந்து குடலுக்குப் போக வேண்டும். நடுவில் சிக்கினால் மறுபடி வலி, மஞ்சள் காமாலை, சிலருக்குக் கணைய வீக்கம் வரை போகும். அதனால்தான் உடைத்த பிறகு தூளைக் கரைக்க மாதக்கணக்கில் மாத்திரை.

அது பொய் வைத்தியம் என்று சொல்லவில்லை. அதே மியூனிக்கில் 1985இல் பித்தப்பைக் கல்லுக்கும் அலை வைத்தார்கள். சில வருடம் அதற்குப் பெரிய மதிப்பும் இருந்தது. ஆனால் அதே 1985இல் அதே நாட்டில் எரிக் மூஹே என்ற சர்ஜன் சிறு துளை வழியாகப் பித்தப்பையையே எடுத்துக் காட்டினார். அந்த முறை பரவியதும் அலை பின்னால் போய்விட்டது. காரணம் எளிது. கல்லை உடைத்தாலும் கல்லை உண்டாக்கிய பை உள்ளேயே இருக்கிறது. உடைத்துக் கரைத்தவர்களில் ஐந்து வருடத்துக்குள் பத்தில் மூன்று நான்கு பேருக்காவது திரும்பக் கல் வந்தது. இன்றைக்கு அலையின் உண்மையான இடம் பித்த நாளத்தில் எண்டோஸ்கோப் மூலம் எடுக்க முடியாத பெரிய கல்லுக்கும், கணையக் கல்லுக்கும்தான். பித்தப்பைக்கு அது ஒத்துவர வேண்டுமானால் பொதுவாக ஒரே கல்லாக, 2 செ.மீ.க்குள், சுண்ணாம்பு ஏறாததாக இருக்க வேண்டும், பையும் சரியாகச் சுருங்கி விரிய வேண்டும். நீங்கள் அனுப்பிய ஸ்கேன் நகலில் இரண்டாவது வரியைப் பாருங்கள்: “மல்டிபிள் கால்குலை, பெரியது 14 மி.மீ.” ஒன்றல்ல, பல கல். பேக்கேஜ் சொன்ன ஆள் அந்த வரியைப் படித்தாரா என்று கேளுங்கள்.

கணக்கு: பேக்கேஜ் 1,20,000, மாத்திரை 24,000, ஆக 1,44,000. இது திரும்ப ஸ்கேன் எடுக்கும் செலவு சேராமல். கல் திரும்பினால் அந்த 80,000 ஆபரேஷன் அப்படியே நிற்கும்.

வட்டியில்லா இ.எம்.ஐ. என்று சொல்கிறவர்கள் ப்ராசசிங் கட்டணத்தை மட்டும் மெதுவாகச் சொல்வார்கள். வட்டியைப் பல நேரம் விலையிலேயே ஏற்றியிருப்பார்கள். வாரத்தில் திங்கள், புதன், சனி மட்டும் கடலுக்குப் போகிற வீட்டில், காற்றடித்து இரண்டு வாரம் படகு கரையில் கிடந்தாலும் தவணைத் தேதி நகராது. அபராதம் ஏறும், சிபில் என்கிற கடன் மதிப்பெண் கெடும். பாலிசி விஷயம் இன்னும் மோசம். ஸ்கேன் எடுத்து நோய் தெரிந்த பிறகு போடும் பாலிசியில் இந்தக் கல்லுக்கு உடனே பணம் வராது. பித்தப்பைக் கல் பெரும்பாலான பாலிசிகளில், குறிப்பிட்ட காலம் காத்திருந்த பிறகே பணம் தரும் நோய்களின் பட்டியலில் இருக்கும், ஏற்கெனவே இருந்த நோய்க்குத் தனிக் காத்திருப்பு வேறு. “ஸ்கேனைச் சொல்லாதீர்கள்” என்று ஏஜென்ட் சொன்னால் அவர் வாசலைத் தாண்டவே கூடாது. நாளைக்கு உண்மையான நோய் வரும்போது அந்தப் பாலிசியையே ரத்து செய்துவிடுவார்கள்.

இனி அடகு. ரசீதுகளின்படி வளையலுக்கு 60,000, செயினுக்கு 1,20,000, நூற்றுக்கு ஒன்றரை வட்டி. 1,80,000க்கு மாதம் 2,700. மூன்று வருடத்தில் 97,200. ஆபரேஷனுக்குக் கேட்ட 80,000ஐவிட அதிகம், சகோதரி. கொழுந்தனார் எஞ்சினுக்காக நீங்கள் ஒரு பித்தப்பை ஆபரேஷனுக்கான பணத்தை ஏற்கெனவே கொடுத்து முடித்துவிட்டீர்கள், அசல் அப்படியே நிற்கிறது. வருடா வருடம் வட்டி கட்டி ரசீதை மாற்றி வைப்பதை நீங்கள் ஒழுக்கம் என்று நினைக்கிறீர்கள். ஓட்டைப் படகில் தண்ணீர் இறைத்துக்கொண்டே இருப்பதுதான் அது. கருவாட்டுக் கூடையில் நிற்கிற லாபம் முழுக்க அந்தக் கடைக்கு நடக்கிறது. அதனால்தான் வலி வந்ததும் கையில் போதுமான காசு இல்லாமல் இ.எம்.ஐ.காரரிடம் போய் நிற்கிறீர்கள்.

என் யோசனை உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். அந்த 65,000இல் 60,000ஐக் கட்டி வளையலை மீட்டு, விற்றுவிடுங்கள். பவுன் 70,000 என்று குறைத்தே வைக்கிறேன், 2 பவுனுக்கு 1,40,000. கடைக்காரர் கழிவு என்று 7,000 போனாலும் 1,33,000 வரும். கையில் மிஞ்சிய 5,000ஐயும் சேர்த்தால் 1,38,000. அதில் 1,20,000 கட்டி செயினை மீட்டால் 18,000, நடப்பு மாத வட்டி 2,700 போக ஏறக்குறைய 15,000 கையில். 4 பவுன் வீட்டில், மாத வட்டி பூஜ்யம். வளையல் அம்மா வீட்டுச் சீர் என்றால் மனசு வராதுதான். அப்படியானால் செயினை விற்று வளையலை வைத்துக்கொள்ளும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அதை மீட்க 1,20,000 முதலில் தேவைப்படும், அது உங்களிடம் இல்லை. “அடகு நகையை நாங்களே மீட்டு வாங்கிக்கொள்கிறோம்” என்று வருகிற தரகரிடம் மட்டும் போகாதீர்கள். கழிவில் முழுங்கிவிடுவார்கள். 916 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு கடையில் எடை போட்டுக் கேட்டுவிட்டு விற்கலாம்.

அப்படியானால் ஆபரேஷனுக்கு? ரேஷன் கார்டோடு முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டையும் ஒரே கவரில் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சைக்கு உதவும் அட்டை அது, ஆண்டு வருமான வரம்பு 1,20,000. அதை எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சர்ஜரி ஓ.பி.யில் ஸ்கேன் நகலோடு காட்டுங்கள். அங்குள்ள காப்பீட்டுத் திட்ட கவுன்ட்டரில், இந்த ஆபரேஷன் அட்டையில் எப்படி வருகிறது, எந்த ஆஸ்பத்திரியில் வருகிறது என்று எழுதி வாங்குங்கள். மதுரைக்கு அனுப்பினாலும் போய்விடுங்கள், பஸ் செலவுதான். அட்டை வராத எதற்காவது காசு தேவைப்பட்டால் மீட்ட செயினைக் கூட்டுறவு சங்கத்திலோ வங்கியிலோ அன்றைக்கே வைக்கலாம். அங்கே வட்டி இந்தத் தனியார் கடையில் பாதிக்குப் பக்கமாக இருக்கும். அது கணவருக்காக வைக்கிற கடன், முடிகிற கடன்.

காலத்தையும் யோசியுங்கள். டாக்டர் பொறுக்கலாம் என்று சொன்னால் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது. விசைப்படகு எப்படியும் கரையில்தான். துளை ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் ஓரிரு நாளில் வீட்டுக்கு வரலாம், வலை இழுக்கும் கனத்த வேலைக்கு மட்டும் சில வாரம் விட வேண்டும். சம்பாத்தியம் போகாத நாட்களில் அதை முடித்துவிடலாம், தடைக்கால நிவாரணம் 8,000 அந்தச் சமயத்தில் கை கொடுக்கும். ஆனால் வலியோடு காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ தடைக்காலத்துக்கெல்லாம் காத்திருக்காதீர்கள். அன்று இரவே ஆஸ்பத்திரி.

கத்திப் பயம் பற்றி ஒரு வார்த்தை. பித்தம் ஊறுவது கல்லீரலில், பை வெறும் சேமிக்கும் இடம். அது போனாலும் சாப்பாடு செரிக்கும், கடலுக்கும் போகலாம். இதை நான் சொல்வதைவிட ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு ஆளிடம் அவரை ஒரு டீக்கு உட்கார வையுங்கள்.

அப்புறம் கொழுந்தனார். தோட்டைக் கொடுக்க வேண்டாம். “தம்பி மனசு கோணக்கூடாது” என்று கணவர் சொல்வார், ஆனால் இப்போது படுத்திருப்பது அவர். 1,80,000 அசல், 97,200 வட்டி என்று இரண்டு எண்களையும் ஒரு நோட்டில் எழுதி, கணவர் இருக்கும்போது கொழுந்தனாரிடம் காட்டுங்கள். சண்டை வேண்டாம், வட்டியை விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை. பங்கு பிரிக்கும் நாளில் மாதம் 2,000 கொடுக்கச் சொல்லுங்கள். வந்தால் சரி, வராது என்று வைத்துத்தான் மேலே உள்ள கணக்கைப் போட்டிருக்கிறேன். மிச்சமாகும் 2,700ஐ ஆர்.டி.யில் போடச் சொல்லமாட்டேன். கடல் போகாத மாதத்தில் தவணை தவறும். உங்கள் பெயரில் மட்டும் ஒரு அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு, ஏ.டி.எம். கார்டு வாங்காமல். வளையலை மீட்கப் போகும் முன் அந்த வெளியூர் கிளினிக்குக்கு முன்பணம் எதுவும் கட்டியிருந்தால் ரசீதோடு திரும்பக் கேட்டு எழுதுங்கள், போனில் கேட்டால் இழுத்தடிப்பார்கள்.