பழைய எம்ஜிபி காரில் பெட்ரோல் குழாயை எந்த வழியாகக் கொண்டுசெல்வது?

டாங்கியிலிருந்து, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்கு எரிபொருளைக் கொண்டுவரும் பாதைதான் பெட்ரோல் குழாய். 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் ஒரு வில்லங்கம் உண்டு: கார்புரேட்டரும், தகதகவென்று சுடும் புகைக்குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. பெட்ரோலின் இலேசான பகுதி 40 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். குழாயில் ஆவி அடைத்தால் வண்டி நிற்கும், கசிந்தால் தீப்பிடிக்கும். சமையலறையில் கேஸ் டியூபை யாராவது அடுப்புச் சுடருக்கு மேலே தொங்கவிடுவார்களா? இங்கும் அதே கணக்குத்தான். கார்புரேட்டருக்கும் புகைக்குழாய்க்கும் நடுவே சூட்டை மறைக்கும் வெப்பத் தகடு இருக்கும்; அதற்கு இப்பால், கார்புரேட்டர் பக்கமாகவே, புகைக்குழாயைவிட்டு விலக்கிக் கொண்டுசெல்லுங்கள். எஞ்சின் குலுங்கும் என்பதால் ரப்பர் குழாய்க்குச் சற்றுத் தளர்வு வேண்டும். தகட்டு விளிம்பில் உரசினால் அரம் போட்டதுபோல் அறுந்துவிடும்.

எஃகு வலை போர்த்திய குழாய் வெப்பத்தைத் தடுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். தடுக்காது, உள்ளே ரப்பர் வெடித்திருப்பதையும் மறைத்துவிடும்.