புலிகேசியை வில்லனாக்கியது யார்?

கேள்வி: பல்லவர் – சாளுக்கியர் பகையை வைத்து எழுதப்படும் சரித்திர நாவல்களில் புலிகேசி கொடியவனாகவும், பல்லவர்கள் குணக்குன்றுகளாகவுமே வருகிறார்கள். இப்படி வரலாற்றைத் திரிப்பவற்றுக்குச் 'சரித்திர நாவல்' என்ற பெயர் எதற்கு?

பதில்: திரிப்பைத் தொடங்கியவர்கள் நாவலாசிரியர்கள் என்று நீங்கள் நினைப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கைங்கரியத்தை இரு தரப்பு அரசவைப் புலவர்களும் அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே செய்து வைத்துவிட்டார்கள்.

கர்நாடகத்து ஐஹொளெயில் மேகுடிக் குன்றின்மேல் உள்ள சமணக் கோயிலில், கி.பி. 634ஆம் ஆண்டையொட்டி ரவிகீர்த்தி பொறித்த வடமொழிக் கவிதையைப் பாருங்கள். சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியின் படை கிளப்பிய புழுதியில் பல்லவ மன்னனின் ஒளி மங்கிப்போக, அவன் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்துகொண்டதாக அது பாடுகிறது. (அதே கவிதையில் தம்மைக் காளிதாசனுக்கும் பாரவிக்கும் நிகராக வைத்துக்கொள்ளவும் ரவிகீர்த்தி கூசவில்லை.) புலிகேசியின் தலைநகரான வாதாபி, பல்லவன் நரசிம்மவர்மனிடம் வீழ்ந்தது 642இல் என்பதால், தம் அரசனின் தோல்வியைப் பாட வேண்டிய சங்கடம் அந்தக் கவிதைக்கு நேரவில்லை.

பல்லவர் தரப்பும் இளைத்ததல்ல. நூறாண்டுக்கும் மேல் கழித்து வெட்டப்பட்ட காசக்குடிச் செப்பேடு, நரசிம்மவர்மனின் தந்தை மகேந்திரவர்மன் காஞ்சிக்கு அருகிலுள்ள புள்ளலூரில் பகைவர்களை அழித்தான் என்கிறது. எந்தப் பகைவர் என்று பெயர் சொல்லவில்லை. நரசிம்மவர்மனின் பேரன் பரமேசுவரவர்மன் வெளியிட்ட கூரம் செப்பேடோ, மணிமங்கலம் முதலிய போர்களில் புறங்காட்டிய புலிகேசியின் முதுகையே ஏடாக்கி, அதில் 'விஜய' என்ற மூன்றெழுத்தை நரசிம்மவர்மன் எழுதியதாக வருணிக்கிறது. செப்பேட்டுப் புலவனுக்குப் பகைவன் முதுகும் ஓர் ஏடாகத் தெரிந்திருக்கிறது! உவமையை ரசிக்கலாம், அதையே சாட்சியமாக எடுத்துக்கொண்டு கதை கட்டும்போதுதான் தொல்லை.

புள்ளலூர்ப் பகைவரின் பெயர் சொல்லப்படாத அந்த வெற்றிடத்தைக் கற்பனையால் நிரப்புவது நாவலாசிரியரின் உரிமை. அதை நான் பறிக்க மாட்டேன். கூரத்தைப் படித்தவர் ஐஹொளெயைப் படிக்காமலே பேனா எடுப்பதைத்தான் குறையாகச் சொல்வேன். காஞ்சியை முற்றுகையிட்டவன் படையெடுப்பாளன், வாதாபியை எரித்தவன் மாவீரன் என்ற கணக்கு, தமிழ் வாசகர்களாகிய நமக்கு இனிக்கிறது என்பதற்காகவே மீண்டும் மீண்டும் எழுதப்படுகிறது. ஆகவே உங்கள் கேள்வியில் பாதியை வாசகர்களிடமும் கேட்டிருக்கலாம்.

இந்தக் கணக்குக்கு அடங்காத ஒரு காட்சி காஞ்சியிலேயே கல்லில் இருக்கிறது. வாதாபி வீழ்ந்து ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின், இரண்டாம் விக்கிரமாதித்தன் என்ற சாளுக்கியன் காஞ்சியைக் கைப்பற்றினான். முன்னோரின் பழியைத் தீர்க்க வந்தவன், பல்லவர் கட்டிய கைலாசநாதர் கோயிலுக்குள் நுழைந்து, அங்கிருந்த செல்வத்தைக் கண்டு, அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான் என்று அக்கோயிலிலுள்ள கன்னடக் கல்வெட்டு சொல்கிறது. அதுவும் வென்றவன் தரப்பு வாசகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தோற்றவர்களின் தலைநகரில், தோற்றவர்களின் கோயில் தூணிலேயே அது இன்றும் நிற்கிறது. பல்லவர் அதைச் செதுக்கி எறியவில்லை. அந்தத் தூணிலிருந்து தொடங்கும் ஒரு நாவலை யாராவது எழுதினால், முதல் பிரதியை நான் காசு கொடுத்து வாங்குவேன்.