சீரோடு வந்த சாமானும் மினுக்கும் திரையும்

காரைக்குடி செக்காலை ரோட்டில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். திரையில் திறக்கிற விண்டோப் பெட்டிகள் மினுக்குது, ஒட்டிக்குது, ஓடிப்போகுது என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

புதுவயல், அரிசி ஆலைக் கணக்கர்: அண்ணே, புதுசா அசெம்பிள் பண்ணின சிஸ்டம். கணக்கு எழுதுற டேலியைத் திறந்தா மினுக்குது, நகர்த்தினா பின்னாடியே கறுப்புப் பட்டை வருது. ரெண்டு தடவை ஃபார்மட் பண்ணியாச்சு. கிராஃபிக்ஸ் கார்டை மாத்தச் சொல்றாங்க.

காசைக் கொட்டாதீங்க தம்பி. மினுக்கும்போதே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்கி டாஸ்க் மேனேஜரைத் திறங்க. அதுவும் மினுக்கினா டிஸ்பிளே டிரைவரை, அதாவது திரையை இயக்குற மென்பொருளைப் பாருங்க. அது ஆடாம நின்னு மத்ததெல்லாம் மினுக்கினா, ஏதோ ஒரு மென்பொருள் ஒத்துப்போகலை. மைக்ரோசாஃப்டே சொல்ற சோதனை இது.

உங்களுக்கு ரெண்டாவதுதான் என்று என் சந்தேகம். நம்ம ஊர்க் கல்யாணத்தில் சாமான் பரப்புவாங்களே, கம்ப்யூட்டருக்குள்ளே இருக்கிற தாய்ப்பலகை மதர்போர்டும் அப்படித்தான் மென்பொருள் சீரோடு வருது: சத்தத்தை மெருகேத்த ஒண்ணு, விசிறி வேகத்துக்கு ஒண்ணு, கலர் விளக்குக்கு ஒண்ணு, அப்டேட் பார்க்க ஒண்ணு. சீர்ப் பாத்திரமாவது வீட்டில் பூட்டின அறையில் சும்மா கிடக்கும். இதில் சிலது, திறந்திருக்கிற ஒவ்வொரு நிரலுக்குள்ளும் தன் டிஎல்எல் கோப்பை, அதாவது தன் நிரல் துண்டை, நுழைச்சிடும். திரை மேல எண்ணோ படமோ காட்டணும்னு டேலி தன் பெட்டியைத் திரையில் வரையுற வேலையில் குறுக்கே கை விடும். கறுப்புப் பட்டை அங்கே பிறக்கலாம்.

ஃபார்மட் பண்ணியும் ஏன் திரும்பி வருது? விண்டோஸ் 8 காலத்திலிருந்து ஒரு வழி இருக்கு. பயாஸில், அதாவது மதர்போர்டிலேயே பதிஞ்சிருக்கிற துவக்க மென்பொருளில், வச்சிருக்கிற நிரலை விண்டோஸ் துவங்கும்போது எடுத்து ஓட்டும். விண்டோஸ் பிளாட்ஃபார்ம் பைனரி டேபிள் என்று பெயர். திருட்டுப்போன லேப்டாப்பைத் தேடுற மென்பொருள், ஃபார்மட் பண்ணினாலும் நிலைக்கணும் என்பது போன்ற காரியத்துக்கு வந்தது. அதே கதவு வழியா சீர் சாமானும் உள்ளே வருது. பயாஸுக்குள்ளே போய் மென்பொருளைத் தானா இறக்கும் வசதி இருந்தா அதை அணைச்சிட்டு, அப்புறம் நீக்குங்க.

எது குற்றவாளின்னு பிடிக்க: விண்டோஸோட எம்எஸ்கான்ஃபிக் கருவியைத் திறந்து, பின்னணியில் ஓடுற நிரல்களைக் காட்டுற சர்வீசஸ் பக்கத்தில் முதல்ல 'ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்' டிக் போடுங்க. இதை மறந்தா வேற வம்பு. மிச்சத்தை அணைச்சு ரீஸ்டார்ட். கோளாறு போச்சுன்னா பாதியைத் திரும்ப ஏத்திப் பாருங்க, அதிலும் பாதி. இருபது சர்வீஸ் இருந்தாலும் அஞ்சாறு ரீஸ்டார்ட்டில் ஆள் சிக்கிடுவான். ஏதும் கெட்டா பழைய நிலைக்குத் திரும்ப, முன்னாடியே ரீஸ்டோர் பாயின்ட் ஒண்ணு வச்சுக்குங்க.

பள்ளத்தூர், ஒரு ஆச்சி: தம்பி, மலேசியாவில இருக்க பேரனோட பேசிக்கிட்டே கீபோர்டைத் தொடச்சேன். படம் தலைகீழாப் போச்சு.

பயப்படாதீங்க ஆச்சி. கன்ட்ரோல், ஆல்ட் ரெண்டையும் பிடிச்சுக்கிட்டு மேல் அம்புக்குறியை அமுக்குங்க. பழைய இன்டெல் டிரைவரோடு வந்த குறுக்குவழி அது. அமுக்கியும் திரும்பலைன்னா, டிஸ்பிளே செட்டிங்கில் ஓரியன்டேஷன் இருக்கும், அதில் 'லேண்ட்ஸ்கேப்' வைக்கச் சொல்லுங்க.

காரைக்குடி, கல்யாண ஆல்பம் டிசைனர்: பெரிய மானிட்டர் வாங்கினேண்ணே. போட்டோஷாப்பை ஓரத்துக்கு நகர்த்தினா அதுவாப் போய் மூணில் ஒரு பங்கா ஒட்டிக்குது.

மானிட்டரோடு வந்த சிடியையோ லிங்க்கையோ போட்டிருப்பீங்க. திரையைக் கட்டம் பிரிக்கிற மென்பொருள் அதில் இருக்கும். விண்டோஸுக்கும் ஸ்னாப் என்று அதே வேலை உண்டு. ஒரு வீட்டுக்கு ரெண்டு கணக்குப்பிள்ளை. செட்டிங்ஸ், சிஸ்டம், மல்டிடாஸ்கிங் போய் ஸ்னாப்பை அணைங்க, இல்லை அந்த மென்பொருளை நீக்குங்க. மானிட்டர் அது இல்லாமலே ஓடும்.

கானாடுகாத்தான், விடுதி வரவேற்பு: சார், பில் மென்பொருள் டாஸ்க்பாரில் தெரியுது, திரையில் இல்லை.

முன்னாடி டிவியோ இன்னொரு மானிட்டரோ மாட்டியிருந்தீங்களா? பெட்டி அங்கேயே நிக்குது. பெட்டியைத் தேர்ந்துக்கிட்டு விண்டோஸ், ஷிஃப்ட், இடது அம்பு அமுக்குங்க. வரலைன்னா ஆல்ட்டும் ஸ்பேஸும், அப்புறம் எம் எழுத்து, ஒரு அம்புக்குறி. பிறகு மவுஸை அசைச்சா பெட்டி கூடவே வரும். இதில் சீர் சாமான் மேல பழி இல்லை.

அழகப்பா பல்கலைக்கழக மாணவர்: அப்போ கம்பெனி போட்டுக் கொடுத்த எல்லாத்தையும் தூக்கிடலாமாண்ணே?

வேண்டாம் தம்பி, நான் சூடுபட்டவன். ஒரு லேப்டாப்பில் கூட வந்ததெல்லாம் நீக்கிக் கொடுத்தேன். மறுநாளே டச்பேடில் ரெண்டு விரல் வச்சா பக்கம் நகரலை, வெளிச்சம் கூட்டுற பட்டனும் செத்துப்போச்சுன்னு வந்து நின்னாங்க. டிரைவர் வேற, அது மேல உட்கார்ந்திருக்கிற அலங்காரம் வேற. சிப்செட், டச்பேடு, ஹாட்கீ, ஒலி டிரைவர் இதையெல்லாம் தொடாதே. ட்ரயல் ஆன்டிவைரஸ், விளம்பரக் கருவி, மேலடுக்கில் எண் காட்டுறது இதெல்லாம் போகலாம். லெனோவோ சில லேப்டாப்களோடு தந்த சூப்பர்ஃபிஷ் விளம்பர மென்பொருள், பாதுகாப்பான இணைப்புக்குள்ளேயே தலையை நுழைக்கும்னு 2015-ல் தெரிஞ்சு பெரிய ரகளையாச்சு. அதனால சந்தேகப்படுறது தப்பில்லை. ஒண்ணு ஒண்ணா நீக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நாள் வேலை பார்த்துட்டு அடுத்ததுக்குப் போ. உனக்குப் பொறுமை இல்லைன்னா லேப்டாப்போட கடைக்கு வா, சனிக்கிழமை கூட்டம் குறைவு.