மண் அணை வைத்திருப்போர் கேட்டவை

கேள்வி: அணையின் வெளிச்சரிவு அடியில் நீர் கசிகிறது. ஆபத்தா?

பதில்: கசியாத மண் அணை கிடையாது. கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். தெளிவாக இருந்தால், அளவு கூடுகிறதா என்று வாராவாரம் குறித்து வையுங்கள். கலங்கி வந்தால் கரையின் மண்ணே உள்ளிருந்து வெளியேறுகிறது. உடனே பொறியாளரை அழையுங்கள், கீழே குடியிருப்போரிடம் சொல்லுங்கள். வெளிப்பக்கம் களிமண் அப்பி அடைக்காதீர்கள், நீர் வேறு வழி தேடும்.

கேள்வி: கரையில் மரம் நடலாமா?

பதில்: கூடாது. மரம் பட்டால் வேர் மக்கிய இடம் நீருக்கு வழியாகும். புல் போதும்.

கேள்வி: கலிங்கு (மிகுநீர் வெளியேற விட்ட வழி) வழியே மீன்கள் தப்புகின்றன. வலை கட்டலாமா?

பதில்: கட்டவே கட்டாதீர்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் அணை, செல்வந்தர்களின் மீன்பிடி மன்றத்துக்குச் சொந்தமான மண் அணை. மீன் தப்பக்கூடாதென்று கலிங்கில் கம்பித் தடுப்பு வைத்தார்கள். வண்டி போகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். அடியிலிருந்த வடிகுழாய்களோ முன்பே கழற்றி விற்கப்பட்டிருந்தன. 1889 மே 31 பெருமழையில் தடுப்பைக் குப்பை அடைத்தது, நீர் கரைமேல் ஏறியது, அணை உடைந்தது. 2,200 பேருக்கு மேல் இறந்தார்கள்.

கேள்வி (அதே நண்பர்): அது பெரிய அணை. என்னுடையது சிறியது, வலையைத் தினமும் சுத்தம் செய்வேன்.

பதில்: நள்ளிரவு மழையிலுமா? சிறிய நீர்ப்பிடிப்பில் வெள்ளம் சட்டென ஏறும். நீங்கள் டார்ச் தேடுவதற்குள் கரைமேல் நீர் வழியும். வழியத் தொடங்கிய மண் கரை வெளிச்சரிவிலிருந்து அரித்துக்கொண்டே வரும்.

கேள்வி: வலை வேண்டாம், கலிங்கின்மேல் மணல்மூட்டை அடுக்கி இன்னும் ஓர் அடி தேக்கலாமா?

பதில்: வலையே மேல். கலிங்குக்கும் கரை உச்சிக்கும் இடையே விட்ட உயரம் வெள்ளத்துக்கும் அலைக்கும் உரியது, சேமிக்க அல்ல.

கேள்வி: எங்கள் கரையில் கசிவு...

பதில்: முதல் பதில். குவளை.

கேள்வி: தூர்வார வேண்டும். இரண்டே நாளில் நீரை வடித்துவிடலாமா?

பதில்: பொறுங்கள். உட்சரிவைத் தாங்கி நிற்பதில் நீரின் அழுத்தத்துக்கும் பங்கு உண்டு. நீர் வேகமாக இறங்கினால், ஊறிய மண் வடிய நேரமின்றிப் பாரத்தோடு சரியும். மெல்ல இறக்குங்கள், விரிசல் தெரிந்தால் நிறுத்துங்கள்.

கேள்வி: பக்கத்து நிலத்துக்காரர் நீரில் பங்கு கேட்கிறார்.

பதில்: வழக்கறிஞரைக் கேளுங்கள்.

கேள்வி (வலை நண்பர்): அப்படியானால் மீன் போகட்டும் என்கிறீர்களா?

பதில்: போகட்டும். மனமில்லை என்றால் கலிங்கிலிருந்து விலகி மிதவைக் கூண்டில் வளருங்கள். கூண்டை நன்றாகக் கட்டுங்கள். அறுந்தால் அதுவும் கலிங்கில்தான் போய் அடைக்கும்.